அத்தியாயம் 17: விழுந்ததை எடுக்க ஓடியவள்

அந்தத் தாள் எட்டு நாட்களாக ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது.

தந்தையின் கையெழுத்து என்ற இடத்தில் கமால் அன்றைக்கே போட்டுவிட்டான். தாயின் கையெழுத்து என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. கவரைப்பேட்டை துப்பாக்கி சுடுதளத்தில் இந்த வருஷம் பயிற்சிக்கு எடுக்கப்போவது மூன்றே பிள்ளைகளை. இருவர் கையெழுத்தும் இல்லாவிட்டால் மனுவை வாங்கக்கூட மாட்டார்கள்.

ரஷீதா முடியாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கமால் ஏதாவது ஒரு பதிலைத் தேடியிருப்பான். அவள் சொன்னது வேறு.

"நான் ஒரு நாள் வந்து பார்க்கறேன். பார்த்துட்டுப் போடறேன். இல்ல, போடாம இருக்கேன்."

அந்த ஒரு நாள் இன்றைக்கு விடிந்திருந்தது. 2006 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எல்லாம் ஒரு ஸ்பிரிங்கில் ஆரம்பித்தது. காக்களூர் எஸ்டேட்டில் கமாலின் ஸ்பிரிங் பட்டறைக்கு இரண்டு மாதம் முன்பு ஒரு உடைந்த ஸ்பிரிங் வந்தது. லாரிக்கும் இல்லை, மோட்டாருக்கும் இல்லை. சுட்டுப் பழகுவதற்கான களிமண் தட்டுகளை வானத்தில் வீசி எறியும் யந்திரத்துக்கு. கும்மிடிப்பூண்டி கம்பெனிக்காரர்கள் சிலர் சேர்ந்து, வறண்ட ஏரியின் ஓரத்தில் ஒரு சுடுதளம் நடத்துகிறார்கள் என்பதே கமாலுக்கு அப்போதுதான் தெரியும். புது ஸ்பிரிங்கைப் பொருத்தப் போனவன், பள்ளி விடுமுறை என்பதால் மகளையும் கூட்டிப் போனான்.

இர்பானாவுக்குப் பன்னிரண்டு வயது முடிந்து மூன்று மாதம். அன்றைக்கு அவள் ஒரு தட்டு பறந்து போய் வானத்திலேயே புகையாக உடைவதைப் பார்த்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க சொல்வீங்களே வாப்பா, ஏரில... அதே மாதிரிதானே இது?"

கமால் ஆமாம் என்று சொன்னான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆமாம்கள் அதிகம் இல்லை.

*

காலை ஆறரைக்கு ஆம்னி வேன் கிளம்பியது. பெரியபாளையம் தாண்டும்வரை பனி விலகவில்லை. இர்பானா முன்சீட்டில். ரஷீதா பின்னால், மடியில் நாஷ்டா டப்பாவும் கைப்பையும். கைப்பைக்குள் அந்தத் தாள் நாலாக மடிந்திருந்தது.

கமால் அதிகம் பேசுகிறவன் இல்லை. பட்டறையில் பதினோரு பேருக்கு அவன் ஒரு நாளில் சொல்லும் வார்த்தைகளை எண்ணிவிடலாம். வீட்டில் அதைவிடக் குறைவு. ஆனால் பழவேற்காடு என்று யாராவது தொடங்கிவிட்டால் போதும். அந்த ஏரித் தண்ணீர் அவனுக்குள் எங்கோ தேங்கிக் கிடந்து, மடை திறந்ததுபோல வெளியே வரும். கல்யாணமான புதிதில் ரஷீதாவுக்கு அது பிடித்திருந்தது. அவளிடம் சொல்லித் தீர்ந்த பிறகு, அதே கதைகள் மகளுக்குப் போயின.

"கிளுவை வாத்துக் கூட்டம் எந்தப் பக்கம் எழும்பும்னு எப்டி தெரியும் வாப்பா?"

"காத்துக்கு எதிர்த்தாப்ல. எப்பவும் காத்துக்கு எதிர்த்தாப்லதான் எழும்பும். துலுக்காணம் கோலு போட்டு படகத் தள்ளிக்கினு வருவாரு. சத்தமே இருக்காது. தண்ணி மேல பனி. படகு போறது நமக்கே தெரியாது."

"நீங்க எங்க குந்திக்கினு இருப்பீங்க?"

"முன்னாடி மூக்குல. எங்க வாப்பா நடுவுல நிப்பாரு, ரெட்டைக் குழல் துப்பாக்கியோட. அவரு சுட்டு, பறவை தண்ணில விழுற சத்தம் கேக்கறதுக்கு முன்னாடியே நான் குதிச்சிருப்பேன்."

"கத்தி?"

"பல்லுல."

இர்பானா சிரித்தாள். எத்தனையோ தடவை கேட்ட கதை. அடுத்த வரி என்ன என்று அவளுக்குத் தெரியும். அதை அவளே சொன்னாள்.

"உயிர் போறதுக்குள்ள போய்ச் சேரணும்."

"போய்ச் சேரணும். சேர்ந்து, பிஸ்மி சொல்லி அறுக்கணும். சேரலன்னா அது ஹலால் இல்ல. ஊட்டுக்குள்ள ஏத்தக் கூடாது. ஒரு உயிர வீணாக்கிட்டோமேன்னு வாப்பா அன்னிக்கி பூரா யார்கிட்டயும் பேசமாட்டாரு."

"நீங்க எப்பயாச்சும் சேராம போயிருக்கீங்களா?"

"ஒரு தடவைகூட இல்ல," என்றான் கமால்.

பின்சீட்டில் ரஷீதா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. அவன் குரலில் இருந்த ஈரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமனார் போய்ப் பதினேழு வருஷம். பறவைகளைச் சுடக்கூடாது என்று சட்டம் வந்து துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து அதைவிட அதிக வருஷம். ஆனாலும் இந்த மனிதன் ஒவ்வொரு முறையும் அந்தப் படகின் மூக்கில் போய் உட்கார்ந்துவிடுகிறான்.

ஆரணி வந்தது. ஆற்றில் மணல்தான் இருந்தது.

*

சுடுதளம் ரஷீதா நினைத்ததுபோல இல்லை. பட்டாளத்து முகாம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒரு தகரக் கொட்டகை, ஆறேழு பிளாஸ்டிக் நாற்காலிகள், சுற்றிலும் சீமைக் கருவேலம். தரையில் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வரிசையாக ஐந்து சிமென்ட் மேடைகள். எதிரே கொஞ்ச தூரத்தில் ஒரு பதுங்கு குழி. அதற்கு அப்பால் வறண்ட ஏரி, வெயில் ஏறாத வெளுப்பில் நீண்டு கிடந்தது.

குழிக்குள்ளிருந்து ஒரு நரைத்த தலை எட்டிப் பார்த்தது.

"இன்னா சின்ன பாய்! குடும்பத்தோட வந்துகினு இருக்க?"

துலுக்காணம். கமாலின் தந்தை சஹாபுதீன் பெரிய பாய் என்றால், கமால் இன்றைக்கும் சின்ன பாய்தான். ஏரியில் மீன் குறைந்தபின் மகன் வீட்டோடு கவரைப்பேட்டைக்கு வந்துவிட்டவர். குழிக்குள் உட்கார்ந்து யந்திரத்தில் தட்டு வைத்து விடுவது இப்போது அவர் வேலை.

"உங்க புண்ணியத்துல நல்லா வேலை செய்யுதா மிஷினு?" என்றான் கமால்.

"நீ போட்ட ஸ்பிரிங்கு எகிறுது பாய். தட்டு ஆந்திராவுக்கே போயிடும் போல. பாப்பா, நீ இன்னிக்கி எத்தினி ஒடைக்கப் போற?"

"பத்து!" என்றாள் இர்பானா.

"ஒண்ணு ஒடை. ஒண்ணு ஒடைச்சா நான் மேல ஏறி வந்து சலாம் போடறேன்."

பயிற்சியாளர் ஆதிநாராயணன் போலீஸ் ஆயுதக் கிடங்கில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர். எல்லோரையும் நைனா என்றும் அம்மா என்றும் மட்டுமே கூப்பிடுவார். ரஷீதாவை உட்கார வைத்துவிட்டு, இர்பானாவிடம் விதிகளைச் சொன்னார். சுடாத நேரத்தில் துப்பாக்கி நடுவே மடிந்து, குழல் திறந்தே இருக்கவேண்டும். வாய் எப்போதும் எதிர்ப்பக்கம். தோட்டா அவர் கையால் மட்டும். கோட்டைத் தாண்டக்கூடாது.

"எப்பவும்?"

"எப்பவும் நைனா. மழை பெய்ஞ்சாலும், உங்கப்பா கூப்ட்டாலும்."

இர்பானா தலையாட்டினாள். கமாலும் கூடவே தலையாட்டினான்.

பிள்ளைகளுக்கென்று எடை குறைந்த ஒரு துப்பாக்கி இருந்தது. அதை அவள் தோளில் பொருத்தி, கன்னத்தை அதன் மேல் சாய்த்து, காதுகளுக்குத் தடித்த கவசத்தை மாட்டினார். துப்பட்டாவுக்கு மேல் அந்தக் கவசம் ஏறியபோது அவள் வேறு யாரோ ஒருத்திபோல இருந்தாள்.

"நீ ரெடின்னா 'புல்'னு, இழுன்னு இங்கிலீஷ்ல கத்தணும். தட்டு வரும்."

"புல்!"

தட்டு போயே போய்விட்டது. அவள் சுடவே இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தடவை சுட்டாள். தட்டு அதற்குள் தரையில் இருந்தது.

ஆதிநாராயணன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். கவசத்தை ஒரு பக்கம் தூக்கினார்.

"இன்னாம்மா வாய்க்குள்ள முணுமுணுத்துக்கினு இருக்க?"

"பிஸ்மி சொல்றேன் சார். சொல்லிட்டுத்தான் சுடணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். சிரிக்கவில்லை.

"நல்ல காரியம். சொல்லு. ஆனா சாமி பேரச் சொல்லி முடிச்சிட்டு, அப்புறமா புல்லு சொல்லு. தட்டு காத்துக்கினு நிக்காது."

பின்னால் நின்ற கமாலின் முகம் மலர்ந்ததை ரஷீதா பார்த்தாள். இவள் என் மகள் என்று அந்த முகம் சொன்னது. அவளுக்கும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

நாலு, ஐந்து, ஆறு. எல்லாம் தப்பின. ஒவ்வொன்றிலும் துப்பாக்கி தோளில் இடித்தபோது ரஷீதாவின் தோளும் பின்வாங்கியது. அடுத்த மேடையில் வீரராகவன் தன் முறைக்காகக் காத்திருந்தார். கும்மிடிப்பூண்டியில் வார்ப்பு ஆலை வைத்திருக்கிறவர். ஞாயிறு தவறாமல் வருகிறவர். ஆளுக்கு ஏழு தட்டு, இர்பானாவுக்குப் பிறகு அவர் என்று முறை போட்டிருந்தார்கள்.

ஏழாவது தட்டு.

இர்பானாவின் உதடுகள் அசைந்து நின்றன. பிறகு அந்தக் குரல், இதுவரை கேட்காத ஒரு குரல், தெளிவாக வந்தது.

"புல்!"

ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று குழியிலிருந்து எழும்பியது. சத்தம். வானத்தில் ஒரு கறுப்புப் பூ.

தான் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருப்பது ரஷீதாவுக்கே சற்றுப் பிறகுதான் தெரிந்தது. மடியிலிருந்த கைப்பை தரையில் விழுந்திருந்தது. அந்த ஒரு கணத்தில் கையெழுத்து அவள் மனசுக்குள் விழுந்துவிட்டது. பேனாதான் பாக்கி.

ஆதிநாராயணன் துப்பாக்கியை வாங்கி, மடித்து, காலித் தோட்டாவை எடுத்து, ரேக்கில் சாய்த்து வைக்கத் திரும்பினார்.

வீரராகவன் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தினார்.

இர்பானா ஓடினாள்.

*

யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் கோட்டைத் தாண்டியதும், சுண்ணாம்பு காலடியில் பறந்ததும், துப்பட்டா முதுகில் எழும்பியதும் ஒரே நொடியில் நடந்தன. தலையைக் குனிந்துகொண்டு, கைகளைப் பக்கத்தில் வீசி, முழங்கால்களை உயரத் தூக்கித் தூக்கி ஓடினாள். காய்ந்த தரையில் யாரும் அப்படி ஓடமாட்டார்கள். தண்ணீரில் ஓடுகிறவர்கள்தான் அப்படி ஓடுவார்கள்.

"நில்லு!" என்று ஆதிநாராயணன் கத்தினார். அவள் காதில் கவசம் இருந்தது.

"சார், சுடாதீங்க!" என்று வீரராகவனைப் பார்த்துக் கத்தினார். அவர் காதிலும் கவசம் இருந்தது.

"புல்," என்றார் வீரராகவன்.

குழிக்குள் இருக்கிறவருக்கு வெளியே நடப்பது தெரியாது. மேலே எழும் சத்தத்தில் 'புல்' என்ற சொல்லுக்கு மட்டும்தான் கை பழகியிருக்கும். துலுக்காணம் தட்டை விட்டார்.

ரஷீதா கோடு வரை ஓடி வந்துவிட்டாள்.

துப்பாக்கி வாய் தட்டின் பின்னால் இடது பக்கம் நகர்ந்தது. நகர்ந்த வழியில் ஒரு சிவப்புத் துப்பட்டா. வீரராகவனின் கை அந்தரத்தில் உறைந்தது. பிறகு குழல் மெல்ல, மிக மெல்ல, வானத்தைப் பார்த்து உயர்ந்தது.

வெடிக்கவில்லை.

தட்டு யாராலும் சுடப்படாமல் நெடுந்தூரம் பறந்து, வறண்ட ஏரியில் முழுசாகப் போய் இறங்கியது.

கருவேல மரத்தில் ஒரு கரிச்சான் கத்தியது. தூரத்தில் கவரைப்பேட்டை ஸ்டேஷனைத் தாண்டி ஒரு கூட்ஸ் போய்க்கொண்டே இருந்தது.

இர்பானா குனிந்து எதையோ பொறுக்கினாள். துப்பட்டா நுனியில் அள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள். கவசத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டாள்.

"வாப்பா, இது மண்ணே இல்ல. உள்ள தார் மாதிரி இருக்கு, பாருங்க..."

கோட்டருகே வந்ததும் நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிரிப்பு எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் முகத்திலேயே கிடந்து, மெதுவாகப் போனது.

வீரராகவன் துப்பாக்கியை மடித்துத் தோட்டாவை எடுத்தார். விரல்கள் நடுங்கியதில் தோட்டா கீழே விழுந்தது. அறுபது வயது மனிதர், அதைக் குனிந்து எடுக்க முடியாமல் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் பேத்திங்க இருக்காங்கய்யா," என்றார் யாரையும் பார்க்காமல். பிறகு குரல் உயர்ந்தது. "யாரு புள்ள இது? யாரு சேர்த்தது? இதுக்கெல்லாம் ஒரு வரமுறை வேணாமா?"

"என் பொண்ணுங்க," என்றான் கமால்.

துலுக்காணம் குழியிலிருந்து ஏறி வந்தார். சலாம் போட வந்தவர். விஷயம் தெரிந்ததும் வெறும் உடம்பில் போட்டிருந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு கமாலின் பக்கத்தில் வந்து நின்று, அவனுக்கு மட்டும் கேட்பதாக நினைத்துச் சொன்னார்.

"அன்னிக்கும் நான்தான் கோலு புடிச்சிக்கினு நின்னேன் சின்ன பாய். இன்னிக்கும் நான்தான் தட்ட உட்டேன். எனுக்கு இன்னாத்துக்கு பாய் இந்த வேலை?"

ரஷீதா நாலடி தள்ளி நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டது.

ஆதிநாராயணன் ஒன்றும் திட்டவில்லை. "ஊட்டுக்குக் கூட்டிக்கினு போங்கம்மா. பேசிட்டு போன் பண்றேன்," என்றார். அவர் கமாலிடம் சொல்லவில்லை.

*

திரும்பும்போது ரஷீதா முன்சீட்டில் உட்கார்ந்தாள். இர்பானா பின்னால், கதவோரம். நாஷ்டா டப்பாவை யாரும் திறக்கவில்லை.

புதுவாயல் வந்தது, போனது. நெல் அறுத்த வயல்கள் இரண்டு பக்கமும் ஓடின. கமாலுக்கு முன்னால் ஒரு செங்கல் டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. முந்திப்போக இடம் இருந்தும் அவன் முந்தவில்லை.

"ஏன் ஓடுன?" என்றாள் ரஷீதா. திரும்பிப் பார்க்காமல்.

பின்சீட்டில் இர்பானா துப்பட்டாவில் ஒட்டியிருந்த தார்த் துகளைத் தட்டினாள்.

"தெரியல உம்மா."

"சார் கோட்டத் தாண்டக் கூடாதுன்னாரே?"

"தெரியும். ஆனா... விழுந்துடுச்சில்ல? உயிர் போறதுக்குள்ள..." இர்பானா நிறுத்திக்கொண்டாள். தான் சொல்ல வந்தது தன் காதிலேயே விழுந்ததுபோல. "அதுக்கு உயிரே இல்லல்ல உம்மா?"

கமால் வேகத்தைக் குறைத்தான்.

"இல்லடி. அது வெறும் தட்டு. விழுந்தா விழுந்ததுதான். யாரும் ஓட வேணாம்," என்றாள் ரஷீதா.

இர்பானாவுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாத அழுகை. ரஷீதா கையைப் பின்னால் நீட்டினாள். சின்னக் கை ஒன்று வந்து அதைப் பிடித்துக்கொண்டது. அப்படியே ஆரணி வரை வந்தார்கள்.

பாலத்துக்கு முன்னால் ரஷீதா சொன்னாள். "வண்டிய ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினான். ஆற்று மணலில் இரண்டு மாட்டு வண்டிகள் நின்றிருந்தன. வெயில் ஏறியிருந்தது.

"அன்னிக்குன்னு அந்தப் பெரியவரு சொன்னாரே. அன்னிக்கு என்ன?"

கமால் கண்ணாடி வழியே ஆற்றைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல. பழசு."

"உங்க இடது தோளுக்குக் கீழ மூணு கட்டி இருக்கு. கல்யாணமான முதல் வாரத்துல கேட்டேன். பழைய துப்பாக்கி ரவை, ஏரில பட்டுதுன்னீங்க. அதுக்கு மேல நீங்களும் சொல்லல, நானும் கேக்கல. பதினாலு வருஷமா கேக்கல." அவள் குரல் உயரவே இல்லை. "இப்ப கேக்கறேன். நான் மட்டும் கேட்டா போதாது. அவளும் கேக்கணும்."

மாட்டு வண்டி ஒன்று மணலைவிட்டு ஏறிக் கரைக்கு வந்தது. வண்டிக்காரன் இவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

கமால் சட்டையின் மேல் இரண்டு பொத்தான்களைக் கழற்றி, காலரைத் தோள்வரை இறக்கினான்.

"வா," என்றான் மகளிடம். "கைய வெச்சுப் பாரு."

இர்பானாவின் விரல் மெல்ல வந்து தொட்டது.

"கல்லு மாதிரி இருக்கு வாப்பா."

"ரவை. உள்ளயே தங்கிடுச்சு."

"யாரு சுட்டாங்க?"

"எங்க வாப்பாதான்."

விரல் சட்டென்று விலகியது. பிறகு மறுபடி வந்து அங்கேயே நின்றது.

"ரெட்டைக் குழல்னு சொன்னேன்ல," என்றான் கமால். கதை சொல்லும் குரல் அது இல்லை. பட்டறையில் அளவு சொல்வதுபோலச் சொன்னான். "முதல் குழல்ல ஒரு கிளுவை விழுந்துச்சு. நான் குதிச்சிட்டேன். ஓடிக்கினு இருக்கேன். எனக்கு முன்னாடி கோரைக்குள்ள இருந்து இன்னொரு கூட்டம் எழும்புச்சு. வாப்பா பறவையத்தான் பார்த்தாரு. நான் நடுவுல இருக்கறத பார்க்கல. துலுக்காணம் மட்டும் ஐயோன்னு கத்துனது காதுல விழுந்துச்சு."

"அப்புறம்?"

"ஓடினேன்."

"வலிக்கலியா?"

"தண்ணி சில்லுனு இருந்துச்சு. அப்ப தெரியல. போய்ச் சேர்ந்துட்டேன். உயிர் இருந்துச்சு. பிஸ்மி சொல்லி அறுத்து எடுத்துக்கினு வந்தேன். சட்ட பூரா ரத்தம். பறவை ரத்தம்னுதான் நான் நினைச்சேன்."

"அவரு என்ன சொன்னாரு வாப்பா?"

அந்தக் காலையை அவன் எத்தனை முறை நினைத்திருப்பான். பனி, கோரை, உள்ளங்கையில் கிளுவையின் சூடு. ஈரத்தோடு தலையில் வந்து அமர்ந்த வாப்பாவின் கை. அந்தக் கைக்காகவே அந்த நாளை இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்தான். அந்தக் கை வருவதற்கு முன் ஒரு வாக்கியம் இருந்தது. அதை அவன் யாருக்கும் சொன்னதில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

"உயிரோட கிடைச்சுதான்னு கேட்டாரு."

ரஷீதா கண்ணை மூடித் திறந்தாள்.

"கிடைச்சுதுன்னு சொன்னேன்," என்றான் கமால். "அப்ப எனக்கும் பன்னெண்டு வயசு."

இர்பானா காலரை மெதுவாக மேலே ஏற்றிவிட்டாள். பொத்தானையும் அவளே போட்டாள், ஒரு குழந்தைக்குப் போடுவதுபோல.

"நீங்க சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல," என்றாள் ரஷீதா. "பாதிதான் சொன்னீங்க. அவ அந்தப் பாதிய எடுத்துக்கினு ஓடிட்டா."

அவன் தலையசைத்தான்.

அப்போது போன் அடித்தது. கமால் எடுத்தான். வண்டிக்குள் இருந்த அமைதியில் ஆதிநாராயணனின் குரல் மூவருக்கும் கேட்டது.

"நைனா, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டீங்களா? பேஜாரா இருக்கு எனக்கு. வீரராகவன் சார் எழுதிக் குடுத்துட்டாரு. இந்தப் பொண்ண சேர்க்கக் கூடாதுன்னு. புதன்கிழம சாயந்தரம் கமிட்டி கூடுது. நீங்க வந்து பதில் சொல்லணும். வரலன்னா அன்னிக்கே பேரை அடிச்சிடுவாங்க. வர்றீங்களா?"

கமால் பின்னால் திரும்பி மகளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் சுட வேண்டும் என்ற ஆசை அந்த முகத்தில் அழுகைக்கு அடியில் அப்படியே இருந்தது. கேட்கத்தான் தைரியம் இல்லை.

"ஹலோ? நைனா?"

ரஷீதா கையை நீட்டினாள். கமால் போனை அவளிடம் கொடுத்தான்.

"சார், நான் இர்பானாவோட உம்மா பேசறேன். அவ வாப்பா வரமாட்டாரு. இனிமே அங்க அவரு வரவேமாட்டாரு."

அவள் சொன்னது கமாலுக்கு அடிபட்டதுபோல இருந்தது. ஆனால் மறுக்கத் தோன்றவில்லை.

"அப்ப... பேர எடுத்துடட்டுமாம்மா?"

"எதுக்கு எடுக்கணும்? புதன்கிழம நான் வர்றேன். புள்ளையும் வருவா. கை நடுங்கி ஒக்காந்தாரே, அவர்கிட்ட மொதல்ல அவ மன்னிப்பு கேக்கணும். அதுக்கப்புறம் அவரு கேக்கறதுக்கெல்லாம் நான் பதில் சொல்றேன்."

"நீங்க இன்னும் கையெழுத்தே போடலியேம்மா?"

ரஷீதா ஒரு கணம் ஆற்று மணலைப் பார்த்தாள்.

"அங்க வந்து, அந்த வீரராகவன் சார் முன்னாடி போடறேன் சார்," என்றாள். "துப்பாக்கி புடிச்சவரு அவரு. என் புள்ளய சுடாம நின்ன கை அது. அந்தக் கை வேணாம்னு சொன்னா, போடாம எழுந்து வந்துடறேன்."